பாக்கியம் மதினியின் ஒன்பது புள்ளிகள்

எல்லையைத் தாண்டியதும் முதலில் மாறுவது தண்ணீரின் நிறம். பாளையங்கோட்டையில் நிறமற்றிருக்கும் குடிநீர், திருவனந்தபுரத்தில் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக மேசைக்கு வருகிறது. பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த நீர். முப்பது ஆண்டுகளாக இந்த ஊருக்கு வந்து போகிறேன். இருந்தும் அந்த முதல் மிடறை விழுங்கிய பிறகுதான் வேற்று நாட்டுக்கு வந்துவிட்டதை என் நாக்கு ஒப்புக்கொள்ளும்.

இம்முறை வந்தது கோயிலுக்கும் அன்று, திருமணத்துக்கும் அன்று. பூட்டிக்கொண்ட ஒரு கைபேசியைத் திறக்க.

கைபேசி என் கணவரின் அக்காள் பாக்கியத்தினுடையது. நான் அவரை மதினி என்று அழைப்பேன். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலைமேல் உள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதில் கூடையை நெற்றியில் மாட்டியவர், இப்போது ஐம்பத்தேழு. அவருடைய தம்பி மலையிலிருந்து இறங்கிப் படித்து, திருநெல்வேலியில் வேலை தேடிக்கொண்டு, கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த என்னை மணந்தார். மதினி லயத்திலேயே இருந்துவிட்டார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பேசிக்கொள்வதற்கென்றுதான் அந்தக் கைபேசியை வாங்கிக் கொடுத்தேன். லயத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. பேச வேண்டுமானால் மேட்டுப் பாறைவரை நடக்க வேண்டும். ஆகவே மதினி அதைப் பேசுவதைவிடப் பார்ப்பதற்கே அதிகம் பயன்படுத்தினார். லயத்தின் கோடி வீட்டுச் சுவரில் ஒரு குழல்விளக்கு உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன், அந்த வெளிச்சத்துக்கு வந்து சுவரிலேயே உறங்கிப்போன விட்டில்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். நான்கு மழைக்காலம், நான்கு கோடை. எத்தனை படங்கள் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அகத்தியர் மலை ஏற வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் தற்செயலாக அவற்றைப் பார்த்துவிட்டு, லயத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் நின்றாராம். திருவனந்தபுரத்தில் விட்டில் ஆய்வாளர்கள் கூடும் கூட்டத்துக்கு மதினியை அழைத்தவர் அவர்தான். சனிக்கிழமை காலை. படங்களை மதினியே காட்ட வேண்டும், மதினியே பேச வேண்டும்.

அழைப்பு வந்த மறுவாரம் மதினி குழாயடியில் வழுக்கி விழுந்தார். வலக்கையில் இரண்டு எலும்புகள் முறிந்து, விரல் நுனிவரை மாவுக்கட்டு. அதன்பிறகு கைபேசி திறக்கவே இல்லை.

*

புதன்கிழமை நண்பகலில் கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். மலையிலிருந்து வர வேண்டிய வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். கட்டுப்போட்ட கையைத் தூக்குத்துணியில் சுமந்தபடி மதினி இறங்கினார். மறுகையில் ஒரு துணிப்பை. அதற்குள் எனக்கொரு பொட்டலம் தேயிலை, கைக்குட்டையில் சுற்றிய கைபேசி.

"ஆனை ரோட்டுல நின்னுது, அரசி. அது போறவரைக்கும் டிரைவரு ஹாரன் அடிக்கல. மரியாதை உள்ள ஆளு" என்றார்.

உணவகத்தில் குத்தரிசிச் சோறும் மீன் கறியும் வந்தன. எங்கள் ஊர்ச் சோற்றைப்போல் இது குழம்பை உடனே உறிஞ்சாது. ஒவ்வொரு பருக்கையும் தன் தடிப்போடு தனித்து நிற்கும். மதினி எப்படிச் சாப்பிடுவார் என்ற கவலையில் நான் கரண்டி கேட்டேன். அவர் கரண்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, இடக்கையாலேயே பிசையத் தொடங்கினார். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை பார்த்தார், பிறகு மறுபடியும் பார்த்தார்.

"எந்தா சேட்டா, மீன் வேணோ?" என்று மதினி கேட்டார். அவர் சிரித்துவிட்டுத் தம் இலைக்குத் திரும்பினார்.

"மதினி, கரண்டி இருக்கே" என்றேன் தாழ்ந்த குரலில்.

"கொழுந்து எடுக்குற கைக்கு இடதேது, வலதேது? ரெண்டும் ஒண்ணா போவும், ஒண்ணா வரும். ஒத்தக் கையால எடுத்தா சூப்பர்வைசரு ஏசுவாரு. இந்தக் கைக்கும் நாப்பது வருச சர்வீஸாக்கும்."

நான் அதைக் கேட்டேன்; ரசித்தேன்; கவனிக்கவில்லை. கேட்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள தூரத்தை அளக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அன்று பிற்பகல் விடுதி அறையில் கைபேசியைக் கையில் எடுத்தேன். பூட்டு ஒன்பது புள்ளிகளால் ஆனது: மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. அவற்றை விரலால் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் இணைத்தால் திறக்கும். வழியில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று கோடு கண்ணுக்குத் தெரியாதபடி கடைக்காரர் ஒருவர் அமைத்துக் கொடுத்திருந்தார். ஆகவே தம் விரல் என்ன வரைகிறது என்பதை மதினியே ஒருநாளும் பார்த்ததில்லை.

"விரல்ரேகை வச்சிருக்கலாமே?"

"வச்சுப் பாத்தாச்சு. ரேகை இருந்தால்லா அது பிடிக்கும்?" என்று இடக்கைப் பெருவிரலை என் முன் நீட்டினார். தேயிலைக் கறை ஏறி, தேய்ந்து, கூழாங்கல்லைப்போல் வழவழப்பாக இருந்தது.

"எந்தப் புள்ளியில ஆரம்பிப்பீங்க?"

"எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். அந்தக் கையி இப்ப மாவுக்குள்ள கெடக்கு."

லயத்தில் இடக்கைப் பெருவிரலால் பலமுறை முயன்றிருக்கிறார். தவறு கூடக்கூடக் கைபேசி காத்திருக்கச் சொல்லும் நேரமும் கூடியது. நான் அறிவுடன் நடந்துகொள்வதாக எண்ணி, ஒரு தாளில் ஒன்பது புள்ளிகளை இட்டு, வாய்ப்புள்ள வடிவங்களை வகைப்படுத்தினேன். அவர் பெயரின் முதலெழுத்து 'ப'. போட்டேன், திறக்கவில்லை. என் கணவரின் பெயருக்கு 'ம' பொருந்துமா என்று வளைத்துப் பார்த்தேன். பிறகு 'ட'. அதற்குக் காரணம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றும் வீண். ஒரு மணி நேரம் கழித்து முயலும்படி திரையில் எழுத்து வந்தது.

"ஏளா, நீ புத்தகம் தேடுற மாதிரில்லா தேடுற" என்றார் மதினி. அவர் குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

*

வியாழக்கிழமை கடைகளுக்குப் புறப்பட்டோம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த முதல் கடையின் இளைஞர், நாங்கள் சொல்லி முடிக்குமுன்பே கைபேசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ரீசெட் அடிச்சா பத்து நிமிஷம், அம்மச்சி. புத்தம் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று மலையாளத்தில் சொன்னார்.

"உள்ள இருக்குற படமெல்லாம்?"

"அது போகும்."

"புதுசு எனக்கு வேண்டாம், மோனே. பழசுதான் வேணும்" என்று மதினி கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்து, கைபேசியைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையம். அது சற்றுத் தள்ளி இருந்தது. இந்நகரில் வட்டமாகச் சுற்றிவரும் பேருந்துகள் உண்டு. ஒரே நிறுத்தங்களில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் போகும். நாங்கள் ஏறியது தவறான சுற்று. நான்கு நிறுத்தத்தில் முடிய வேண்டிய பயணம், தலைமைச் செயலகத்தையும் அருங்காட்சியகத்தையும் காட்டிவிட்டு ஊரையே வளைத்துக்கொண்டு போயிற்று. நான் பதறி எழுந்தேன். பெண் நடத்துநர் பயப்பட வேண்டாமென்று என்னை உட்காரச் சொன்னார்.

"பேடிக்கண்டா சேச்சி. அதே ஸ்டாப்பு எல்லாம் இதிலயும் வரும். சுத்து மட்டும் எதிர்."

மதினி ஜன்னலோரம் நிம்மதியாக அமர்ந்திருந்தார். எங்கள் ஊரில் பேருந்து திசை மாறினால் பயணிகள் நடத்துநரிடம் சண்டையிடுவார்கள். இங்கே அரைமணி நேரம் இலவசமாக ஊர் பார்த்தோம் என்று ஒரு பெண்மணி தம் தோழியிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

சேவை மையத்தில் குளிர்சாதனம், வரிசை எண், கண்ணாடித் தடுப்பு. எங்கள் முறை வந்தபோது, முகப்பில் இருந்த இளம்பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மலையாளத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: இந்தப் பூட்டை நாங்கள் திறக்க மாட்டோம், திறக்கவும் முடியாது. உங்கள் பொருளை உங்களைத் தவிர யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்களாலும் திறக்க முடியாதென்றால் அழிப்பது ஒன்றே வழி. இன்னொன்றும் சொன்னார். சில கைபேசிகளில் தவறுகள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டினால் அவை தம்மையே அழித்துக்கொள்ளும். இது அந்த வகையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இனிக் கவனமாக இருங்கள்.

வெளியே வந்ததும் மதினி முதலில் சொன்னது இதுதான்: "அப்போ நல்ல பூட்டுதான்."

எனக்கோ நேற்றைய 'ப'வும் 'ம'வும் 'ட'வும் தொண்டையில் நின்றன. எண்ணிக்கையில் மூன்றைத் தின்றவள் நான்.

மாலையில் கிழக்கேகோட்டையின் அக்கிரகாரத் தெருவில் ஒரு போளிக் கடையில் ஒதுங்கினோம். இங்கே போளியைத் தனியே உண்பதில்லை. அதைப் பிய்த்துப் பால்பாயசத்தில் ஊறவைத்து, இரண்டும் ஒன்றாகிக் குழையும்போது வாயில் இடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் இனிப்புக்கு இனிப்பு தொட்டுக்கொள்வதா என்று கேட்பார்கள். நான் மூன்று சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகத் தொடங்கினேன். "மதினி, டீச்சருக்கு நான் சொல்லிடறேன். கை சரியாகட்டும். அடுத்த வருசமும் கூட்டம் இருக்கும்."

அவர் போளியைக் கீழே வைத்தார்.

"லயத்துல இருந்து யாரையாவது இதுவரைக்கும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கா, அரசி? கீழ நின்னு கைதட்டத்தான் கூப்பிட்டிருக்கு. லாரி அனுப்பி ஏத்திட்டுப் போவாங்க. இந்தத் தடவை பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கு. பாக்கியம், போனக்காடுன்னு கடுதாசியில அச்சடிச்சிருக்கு. அடுத்த வருசம் எந்த லயத்துல யாரு இருப்பா?" சற்று நிறுத்தினார். "படமில்லாம போயி, பூச்சி இம்புட்டு இருந்துதுன்னு கைய விரிச்சா காட்டுறது? அதுக்கும் ஒத்தக் கைதான் இருக்கு."

கடைக்கார மாமி பாயசக் கரண்டியோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, போன் தொறக்கலையா? சாலைக் கடைத்தெருவுல லில்லின்னு ஒரு பொண்ணு இருக்கா. எங்காத்து போனை அவகிட்டதான் குடுப்போம். முடியாட்டா முடியாதும்பா, பொய் சொல்லமாட்டா. காலம்பற போய்ப் பாருங்கோ. இந்தா, இன்னொரு போளி போட்டுக்கோ. இடது கையானா என்ன, வயிறு ஒண்ணுதானே."

*

சாலைக் கடைத்தெரு வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் கிழங்கும் உலர்மீனும் புதுத்துணியும் கலந்து மணந்தது. பாத்திரக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும் இடத்தில் லில்லியின் கடை. முப்பத்தைந்து வயதிருக்கலாம். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டியபடி, மற்றொரு கண்ணால் எங்களை வரவேற்றார். குழித்துறைப் பக்கம் பிறந்து இங்கே வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மொதல்ல ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்கண்டாம். போன் உங்களுக்க தானா? திருட்டுப் போனும் வரும் பாத்துக்கோங்க."

நான் என் கைபேசியிலிருந்து அழைத்தேன். மதினியின் கைபேசி ஒலித்தது. பூட்டிய திரையின் மீது 'அரசி' என்று என் பெயர் வந்தது. அதன் பின்னணியில், சாம்பல் சுவரில் விரிந்து கிடந்த கபில நிற விட்டில் ஒன்று.

"அய்யோ, இது என்ன ஜீவி?"

"அது முறிஞ்ச இலை. நான் வச்ச பேரு" என்றார் மதினி.

லில்லி கைபேசியை வாங்கிப் பார்த்தார். திரையில் இன்னும் ஐம்பது நிமிடம் காத்திருக்கும்படி இருந்தது. காலையில் மதினி எனக்குத் தெரியாமல் ஒருமுறை முயன்றிருக்கிறார். "இதை நான் தொறக்க முடியாது சேச்சி. தொறக்கேன்னு சொல்லுறவன் எல்லாம் அழிச்சிட்டுத்தான் தருவான். உங்க கை சரியாகுறவரைக்கும் இதைப் பத்திரமா வச்சிருங்க. அதுதான் நல்லது."

"நாளைக்கு வேணும்."

லில்லி வெளியே குரல் கொடுத்தார். பக்கத்துக் கடையிலிருந்து மூன்று சுலைமானி வந்தது. பால் சேர்க்காமல் எலுமிச்சை பிழிந்த தேநீர். மதினி கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு உயர்த்தி நிறம் பார்த்தார். "தூளு மட்டம். தண்டும் முத்தின இலையுமா அரைச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"சேச்சி தேயிலைத் தோட்டமா? நான் பறிக்குறதை ரீல்ஸ்ல மட்டும்தான் கண்டிருக்கேன். அவ்வளவு வேகமா எப்படிப் பறிக்குது?"

மதினி குவளையை வைத்தார். பதில் சொல்வதற்கு அவருக்குக் கைகள் தேவைப்பட்டன. தூக்குத்துணியிலிருந்து மாவுக்கட்டை உருவி மேசைமேல் நிறுத்தினார். இடக்கையை அதற்கு இணையாக உயர்த்தினார். "இதுதான் செடின்னு வச்சுக்கோ. ரெண்டு கையும் நடுவுல தொடங்கும். இப்படி வெளிய போவும். ரெண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளிக்கிட்டே மேல. பொறவு இப்படி உள்ள வரும். கை நெறஞ்சா கூடைக்கு."

அந்த வெண்மையான மாவுக்கட்டு, விரல் அசையாமலே, காற்றில் தன் வேலையைச் செய்தது. வலது வலப்புறமாக விலகியபோது இடது இடப்புறமாக விலகியது. இரண்டும் ஒரே கணத்தில் நடுவுக்குத் திரும்பின. லில்லி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

மூன்றாம் முறை கைகள் விலகியபோது மதினி அப்படியே நின்றுவிட்டார். கைகள் இரண்டும் காற்றில் நின்றன. இடக்கையைப் பார்த்தார், பிறகு மாவுக்கட்டைப் பார்த்தார்.

"அரசி."

"என்ன மதினி?"

"இது எதிர்ச் சுத்துல்லா போவுது."

எனக்குப் புரியவில்லை.

"நேத்து ஏறுன பஸ்ஸு கணக்கா. ஸ்டாப்பு எல்லாம் அதேதான். சுத்து எதிரு. இந்தக் கைக்குப் பூட்டு தெரியாம இல்ல, ஏளா. நல்லாத் தெரியும். இது தன்னோட பக்கமாப் போட்டிருக்கு. அந்தக் கை இப்படிப் போனா, இது இப்படி." இரு கைகளும் ஒன்றையொன்று விட்டு விலகுவதைக் காட்டினார். "நாப்பது வருசமா அப்படித்தான் போயிருக்கு. நான் சொன்னாலும் கேக்குமா?"

முப்பது ஆண்டுகள் புத்தகங்களுக்கு நடுவே இருந்தவள் நான். கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதும் கைகளைப் பற்றி எங்கோ படித்தும் இருக்கிறேன். அந்தப் படிப்பு புதன்கிழமை என் உதவிக்கு வரவில்லை. கடைத்தெருவில் ஒரு மட்டத் தேநீருக்கு முன்னால், மதினி தம் கைகளைத் தாமே பார்த்துக் கண்டுபிடித்தார். அந்தக் கணத்தில் நான் அடைந்த பெருமையை, என் பெயருக்கு வந்த எந்தப் பாராட்டிலும் அடைந்ததில்லை.

லில்லிதான் அடுத்ததை யோசித்தார். மெல்லிய ரசீதுத் தாள் ஒன்றில் ஒன்பது புள்ளிகள் இட்டு, கைபேசித் திரையின் அளவுக்கே வெட்டினார். ரப்பர் முத்திரைக்கு வைத்திருக்கும் மைப்பெட்டியைத் திறந்து மதினியின் முன் தள்ளினார்.

"கைநாட்டா கேக்குற? நான் கையெழுத்துப் போடுற ஆளாக்கும்."

"கைநாட்டு இல்ல சேச்சி. இடத்துப் பெருவிரலை இதுல முக்கிட்டு, கண்ணை மூடிட்டு, போனைத் தொறக்குற மாதிரியே இந்தத் தாளுல போடுங்க. யோசிக்கண்டாம்."

மதினி கண்ணை மூடினார். பெருவிரல் ஒரு நொடியில் ஓடி முடித்தது. தாளில் நீலக் கோடு: மேல் வரிசையின் வலக்கோடியில் தொடங்கி, நடுவுக்கு இறங்கி, பக்கவாட்டில் விலகி, கீழே போய் ஒரு முறை வளைந்து நின்றது. எந்த எழுத்தும் அன்று. லில்லி தாளைப் பின்புறமாகத் திருப்பிக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மெல்லிய தாளின் ஊடே அதே கோடு, இடக்கோடியில் தொடங்கித் தெரிந்தது.

"இதுதான் வலத்துக் கைக்க வழி" என்றார்.

இன்னும் இருபத்தெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் அறிந்த மிக நீண்ட இருபத்தெட்டு நிமிடங்கள். கயிற்றுக் கடைக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுப் போனார். மதினி பின்புறக் கோட்டின்மேல் இடப்பெருவிரலை மெல்ல மெல்ல நடத்திப் பழகினார். விரல் ஒவ்வொரு முறையும் தன் பழைய பக்கத்துக்கே விலகப் பார்த்தது. "அங்க இல்ல, இங்க" என்று அதனிடம் தணிந்த குரலில் சொன்னார். பிடிவாதம் பிடிக்கும் கன்றைத் திருப்புவதுபோல் இருந்தது.

நேரம் முடிந்தது. புள்ளிகள் வந்தன. லில்லி தாளைக் கைபேசிக்கு அருகில் பிடித்தார். இந்த முறையும் தவறினால் அது தன்னையே அழித்துக்கொள்ளுமா என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. மதினி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு இறங்கினார். விரலை எடுத்தார்.

திறந்தது.

அவர் ஆர்ப்பரிக்கவில்லை. படங்களுக்குள் போய், கடைசிவரை தள்ளிக்கொண்டே சென்று, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய முதல் படத்தை எடுத்தார். கொஞ்சம் கலங்கிய படம். பச்சைச் சிறகில் ஒரு வெண்கோடு. "இருக்கு" என்றார். அதன்பிறகுதான் என் தோளில் நெற்றியைச் சாய்த்தார்.

படங்களுக்கு உடனே நகல் எடுத்துவிட வேண்டும் என்று லில்லி கணினியை முடுக்கினார். அந்நேரம் பார்த்துத் தெரு முழுவதும் மின்சாரம் போயிற்று. "நாளைக்கு லேப்டாப்போட கூட்டத்துக்கே வந்திருவேன். முறிஞ்ச இலையைப் பெருசாவும் பாக்கலாம்லா" என்றார். மதினி எனக்கெனக் கொண்டுவந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கிஞ்சித்தும் வருத்தமில்லை.

*

சனிக்கிழமை விடிந்ததும் புட்டும் கடலைக் கறியும். மதினி பாதிப் புட்டோடு எழுந்துவிட்டார். அரங்கில் ஐம்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் மாணவர்கள், சில வெண்தாடிகள், வனத்துறைச் சீருடையில் இருவர். அழைத்த ஆசிரியை வாசலுக்கே வந்து மதினியின் இடக்கையைப் பற்றிக்கொண்டார். கைபேசியைத் திரையோடு இணைக்கும் கம்பி எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் மேசைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தி, மேசையில் வைத்த கைபேசியையே பெரிதாக்கிக் காட்டினார்கள். ஆகவே சுவரளவு திரையில் தெரிந்தவை படங்கள் மட்டுமல்ல. அவற்றைத் தள்ளும் மதினியின் பெருவிரலும், ஓரத்தில் மாவுக்கட்டும் தெரிந்தன.

தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறிப் பேசினார். எந்த மழைக்குப் பின் எது வரும், எது சுவரின் மேல்பாதியில் மட்டுமே அமரும், எந்தப் பூச்சியைப் பல்லி தின்னாமல் உமிழும் என்று அடுக்கிக்கொண்டே போனார். "இது கல்யாணச் சேலை. இது ஆந்தை மூஞ்சி. பெருசா, பாம்புத் தலை மாதிரி சிறகு நுனி உள்ளதை நீங்க நாகசலபம்னு சொல்லுதீங்க. நாங்க மாமியாருன்னு சொல்லுவோம். வந்தா மூணு நாளு போவாது." அரங்கு சிரித்து ஓய்வதற்குச் சற்று நேரமாயிற்று.

முன்வரிசையில் இருந்த வெண்தாடிக்காரர் ஒருவர் எழுந்து, ஆந்தை மூஞ்சியைப் பற்றி ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் வாதிடத் தொடங்கினார். அந்த மலையில் அது இருப்பதாக அவர் அறிந்ததில்லை போலும். பேச்சு நீண்டது. மேசைமேல் கைபேசி மங்கியது, அணைந்தது. மதினி தட்டினார். சுவரளவு திரையில் ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன.

என் கை பைக்குள் போயிற்று. லில்லியின் ரசீதுத் தாள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில் எங்கோ இருந்தது. பதற்றத்தில் அகப்படவில்லை. தலைநிமிர்ந்தபோது மதினி கைபேசியைப் பார்க்கவே இல்லை. வெண்தாடிக்காரரை நோக்கி, "இருங்க சார், அதுக்க வயிறு காட்டுறேன், பொறவு சண்டை போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே, திரையில் பனைமர உயரத்துக்குத் தெரிந்த அந்தக் கறையேறிய இடப்பெருவிரல், தன் நாற்பதாண்டுப் பக்கத்தை விட்டு, மறுபக்கமாக ஓடியது. ஒரு மூச்சு நேரம்தான். ஆந்தை மூஞ்சி வயிற்றைக் காட்டியபடி வந்து நின்றது.

வெண்தாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகக் கைதட்டினார். அரங்கு முழுவதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் தட்டியது பூச்சிக்காக. நான் தட்டியது வேறொன்றுக்காக. தாமதமாக வந்து, கடைசி வரிசையில் மடிக்கணினியை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து நின்று தட்டிய லில்லியும் அதற்காகத்தான்.

கூட்டம் முடிந்ததும் லில்லி ஓடிவந்தார். "சேச்சி, இனி லாக்கை மாத்தணும் கேட்டோ! எல்லாரும் கண்டாச்சு. அத்தனை பெரிய திரையில!"

மதினி கைபேசியைக் கைக்குட்டையில் சுற்றித் துணிப்பையில் வைத்தார்.

"கண்டா காணட்டும், மோளே. தொறக்க இந்தக் கை வேண்டாமா?"